லாரியின் இழுவையும் கிரவுன்-பினியன் கணக்கும்

நமது சங்க உறுப்பினர்களில் சொந்த லாரி வைத்துச் சரக்கு ஏற்றுபவர்கள் பலர். "ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, கிரவுன்-பினியனை மாற்றிவிடலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. மெக்கானிக் சொன்னதற்குத் தலையாட்டும் முன், நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன். அதைச் சுழற்றும் சிறியது பினியன். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் விகிதம் 5.86. அதாவது பினியன் 5.86 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 41-க்கு 6 பல் என்று மாற்றினால் விகிதம் 6.83 ஆகும்.

லாபம் என்ன?

அதே இன்ஜின், அதே கியரில் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஆறில் ஒரு பங்கு, சுமார் 17 சதவீதம் கூடும். லோடுடன் வண்டி எளிதாகக் கிளம்பும். கிளட்ச் தேய்வு குறையும். சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றத்தில் திணறல் குறையும். இறக்கத்தில் கியரிலேயே வந்தால் இன்ஜின் பிடிப்பும் கூடுதலாகக் கிடைக்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடிப்பு அறவே கிடையாது.

நஷ்டம் என்ன?

இன்ஜினின் குதிரைசக்தி கூடுவதில்லை. இழுவையில் பெற்றதை வேகத்தில் கொடுக்கிறோம். சக்கரம் ஒரு சுற்றில் 3.2 மீட்டர் உருளும் லாரி, டாப் கியர் நேர் கியராக இருந்து இன்ஜின் 2,000 சுற்றில் ஓடினால், முன்பு மணிக்கு 66 கிலோமீட்டர் போயிருக்கும். இப்போது 56 தான் போகும். பழைய வேகம் வேண்டுமென்றால் இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். சமதளச் சாலையில் டீசல் கூடுதலாகச் செலவாகும்.

மீட்டரைக் கவனியுங்கள்

பெரும்பாலான லாரிகளில் கிலோமீட்டர் மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவது. விகிதம் மாறியபின் மீட்டரைச் சரி செய்யாவிட்டால், 600 கிலோமீட்டர் ஓட்டம் 700 என்று காட்டும். 150 லிட்டர் டீசல் செலவானால் உண்மையில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். மீட்டர் கணக்கிலோ 4.67! மைலேஜ் கூடிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டே நஷ்டப்படுவோம்.

இன்னொன்று: இழுவை கூடியதால் லோடு கூட்டலாம் என்று எண்ண வேண்டாம். பிரேக்கும் ஸ்பிரிங்கும் சேஸும் பழையவைதான். ஆர்.சி.யில் உள்ள எடையே எல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஆகவே, மலைப்பாதையிலேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு மாற்றுவது பயன் தரும். கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த விகிதமா என்று கேட்டு, கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் மலையேறும் வண்டியென்றால், லோடை அளவாக ஏற்றி, கியரைக் குறைத்து ஓட்டுவதே லாபம்.