அழுத்தத்துக்கு ஏன் அடிக்கணக்கு?

கேள்வி: எங்கள் மொட்டைமாடி டேங்கில் தண்ணீர், கீழ்வீட்டுக் குழாயிலிருந்து 35 அடி உயரத்தில் நிற்கிறது. ‘15 பவுண்டு பிரஷர் வரும்’ என்கிறார் பிளம்பர். மோட்டார் தகட்டில் மீட்டர் போட்டிருக்கிறது, கீசரில் பார். அழுத்தத்தை நீளத்தால் சொல்லும் வழக்கம் எங்கே தொடங்கியது?
– ஒரு வாசகர், பொழிச்சலூர்

பதில்: பிளம்பர் கணக்கில் கெட்டிக்காரர். 2.31 அடி உயர நீர், சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தும். 35 அடிக்கு 15 பவுண்டும் கொஞ்சமும். மீட்டரில் 10.67, பாரில் ஏறக்குறைய 1. டேங்க் 500 லிட்டரா, 2,000 லிட்டரா என்பது பொருட்டில்லை, உயரம்தான் பேசும். (இது குழாய் மூடியிருக்கும்போது. திறந்தால் ஒவ்வொரு வளைவும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.)

தொடக்கம் இத்தாலியில். உறிஞ்சு பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க மறுத்தது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதைப் பேசுகிறார். தன் எடை தாங்காமல் நீர்த்தூண் அறுந்துபோகிறது என்று நினைத்தார். டாரிசெல்லி வேறு மாதிரி யோசித்தார்: பம்பு இழுக்கவில்லை, வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தால் அது சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றது. 1644-இல் எழுதிய கடிதத்தில் இதை விளக்கினார். காற்றின் அழுத்தத்தை ஓர் அளவுகோலால் படிக்க முடிந்தது. பெருக்கிப் பாருங்கள், நீருக்கு அதே 10.3 மீட்டர், சுமார் 34 அடி.

நம் ஊர்க் கிணறுகளில் மோட்டாரை உள்ளே இறக்கி மேடை கட்டி வைத்ததும் இதனால்தான். நடைமுறையில் 25 அடிக்குக் கீழே தண்ணீர் போனால் மேலே இருக்கும் மோட்டார் வெறும் காற்றைத்தான் குடிக்கும். போர்வெல்லின் சப்மெர்சிபிளுக்கு அந்த எல்லை இல்லை. அது கீழிருந்து தள்ளுவது.

அளவு மாற்றுவது எளிது. அடியை 0.3048-ஆல் பெருக்கினால் மீட்டர். அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்பது 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். நீர்த்தூணிலிருந்து நீர்த்தூணுக்கு இவ்வளவுதான், டேப்பே போதும். பாஸ்கல் என்ற அழுத்த அலகுக்குப் போனால்தான் வம்பு: தண்ணீரின் அடர்த்தி வெப்பத்தோடு மாறும். 4 டிகிரி செல்சியஸில் 1 அங்குல நீர் சுமார் 249.1 பாஸ்கல், 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 248.8. வீட்டு வேலைக்கு இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம்.

இந்தியா 1958 அக்டோபரில் மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் இன்னும் 24 அடிதான். சமையலறை மட்டும் மாறிவிட்டது. உங்கள் கேஸ் அடுப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தம் வருகிறது, அதாவது 300 மில்லிமீட்டர் நீர். அமெரிக்க அடுப்புக்கு புரொப்பேன் 11 அங்குல நீரில் வருகிறது. மாற்றிப் பார்த்தால் 279 மில்லிமீட்டர்.