இன்டர்ன்ஷிப்: எப்போது, எங்கே விண்ணப்பிப்பது?

ஏப்ரல் மாதம் மூன்றாவது வாரம் பிறந்தால் போதும். எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வரத் தொடங்கி விடுவார்கள். "சார், மே மாசம் இன்டர்ன்ஷிப் போகணும். ஒரு ரெஸ்யூம் அடிச்சு இருபது காப்பி பிரிண்ட் போட்டுக் கொடுங்க" என்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அடித்துக் கொடுத்துக் கொண்டுதான் இருந்தேன். அந்த ரெஸ்யூம்கள் எங்கே போகின்றன, என்ன ஆகின்றன என்று கேட்டதில்லை.

2024 ஏப்ரலில் என் அக்கா மகன் வந்தான். இசிஇ இரண்டாம் ஆண்டு. அவன் ரெஸ்யூம் கேட்கவில்லை. "மாமா, எனக்கு இடம் கிடைச்சிருச்சு. இந்த ஆஃபர் லெட்டரை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்றான். லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தன. கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் பதிவுக் கட்டணம் 6,500 ரூபாய், திருப்பித் தரப்பட மாட்டாது என்று இருந்தது. அக்கா சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்து முதல் நாளே அனுப்பி விட்டிருந்தாள். நான்கு வாரத்தில் அவனுக்குக் கிடைத்தவை ஆறு வீடியோக்களும், ஒரு பிடிஎஃப் சர்டிபிகேட்டும். அவன் செய்த வேலையைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் கூட இல்லை.

"ஏன்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். "எல்லா இடத்துலயும் கடைசித் தேதி முடிஞ்சு போச்சு மாமா. இவங்க மட்டும்தான் இன்னும் ஆள் எடுத்துக்கிட்டு இருந்தாங்க" என்றான்.

நல்ல இடங்கள் எல்லாம் மூடிய பிறகு திறந்திருக்கும் கதவு எப்படிப்பட்டது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு இடத்திற்கும் எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று தேடிக் குறித்து வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் கூடவே அமர்ந்து படியுங்கள்.

கோடைக்கு விதைப்பது ஆடியில்

மே மாதம் வேலை, எனவே மார்ச்சில் தேடினால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை நிலை வேறு. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான இன்டர்ன்களை முந்தைய ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே பெரிய கல்லூரிகளின் வளாகங்களில் தேர்வு செய்து முடித்து விடுகின்றன. அமெரிக்க நிறுவனங்களும் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி அக்டோபருக்குள் இடங்களை நிரப்பத் தொடங்கி விடும். அதாவது நீங்கள் மூன்றாம் ஆண்டில் நுழைந்து, புது நோட்டுக்கு அட்டை போடும் நேரத்தில் அங்கே ஆள் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது அக்டோபர், நவம்பர். ஆராய்ச்சி சார்ந்த இடங்களுக்கு இதுதான் முக்கியமான பருவம். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் தருகின்றன. சுமார் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம். உதவித் தொகையும் உண்டு. பொறியியல் மட்டுமல்ல, பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் ஊர் கலை அறிவியல் கல்லூரிகளில் இது பலருக்குத் தெரியவே இல்லை என்பது என் அனுபவம். இதற்கு ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு நெருக்கத்தில் ஆசிரியரைப் பிடிப்பது எளிதல்ல. எனவே செப்டம்பரிலேயே கேட்டு விடுங்கள்.

ஜெர்மனி செல்ல ஆசைப்படும் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு டாட் அமைப்பின் வைஸ் என்ற உதவித் தொகை இருக்கிறது. கடைசித் தேதி பொதுவாக நவம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். ஆனால் அதற்கு முன்பே அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் அழைப்புக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். அவர்களுக்கு மெயில் அனுப்பும் வேலையை ஆகஸ்டில் ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றாவது சுற்று. சென்னை ஐ.ஐ.டி. வெளிக் கல்லூரி மாணவர்களுக்காகவே சம்மர் ஃபெலோஷிப் நடத்துகிறது. விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். மே முதல் ஜூலை வரையிலான இரண்டு மாதம் அங்கே வேலை. மற்ற ஐ.ஐ.டி.க்களும் பல என்.ஐ.டி.க்களும் இதே போல அறிவிக்கின்றன. ஒவ்வொன்றின் தளத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே

நம் பத்திரிகை வாசகர்களுக்கு ஏற்றது இதுதான். கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005ல் தொடங்கியது. இதில் கூகுள் அலுவலகத்திற்குப் போக வேண்டியதில்லை. கூகுளுக்கு வேலை செய்வதும் இல்லை. ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் மென்பொருளில் வீட்டில் இருந்தபடியே பணியாற்ற வேண்டும். தொகையை கூகுள் தரும். முன்பு மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் ப்ராஜெக்ட்கள் உண்டு.

இதற்கான அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி இறுதியை ஒட்டி வெளியாகும். விண்ணப்பம் மார்ச் பிற்பகுதியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி முடியும். ஆனால் பட்டியல் வந்த பிறகு தொடங்குபவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. தேர்வு செய்யும் மென்டர்கள், தங்கள் மென்பொருளில் ஏற்கெனவே நாலு பிழைகளைத் திருத்திக் கொடுத்தவரைத்தான் விரும்புவார்கள். முந்தைய ஆண்டுகளின் பட்டியல் தளத்திலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் ஒன்றைப் பிடித்து டிசம்பர் விடுமுறையிலேயே வேலையைத் தொடங்கி விடுங்கள்.

அவுட்ரீச்சி என்ற திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை ஒன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதலாவதற்கு ஜனவரி வாக்கிலும், இரண்டாவதற்கு ஆகஸ்ட் வாக்கிலும் முதல் கட்ட விண்ணப்பத்தை வாங்குவார்கள். கல்லூரி நடக்கும் காலத்தோடு மோதினால் ஏற்க மாட்டார்கள். உங்கள் கல்விக் காலண்டரைக் கேட்பார்கள்.

நம் ஊர்த் தளங்கள்

ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளத்தில் மாணவர்கள் இலவசமாகப் பதிவு செய்யலாம். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் தளத்தையும் பாருங்கள். இன்டர்ன்ஷாலா, லிங்க்டுஇன் ஆகியவற்றில் ஆண்டு முழுவதும் அறிவிப்புகள் வரும். அவற்றில் நல்லதும் உண்டு, பதரும் உண்டு. இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள். நாட்ஸ் எனப்படும் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சி, முக்கியமாகப் பட்டம் அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கானது. தென் மண்டலத்திற்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும், அறிவிக்கப்பட்டபோது முழு நேரம் படித்துக் கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்றே வந்தது. படிப்பு முடியும் ஆண்டில் இவற்றைப் பார்க்கலாம்.

எக்ஸெல்லில் ஒரு காலண்டர்

இத்தனை தேதிகளை நினைவில் வைக்க முடியாது. ஒரு ஷீட் தயாரிப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

ஏ காலத்தில் திட்டத்தின் பெயர், பி காலத்தில் தொடங்கும் தேதி, சி காலத்தில் கடைசித் தேதி, டி காலத்தில் மீதி நாட்கள், ஈ காலத்தில் தேவையான சான்றுகள், எஃப் காலத்தில் நிலை என்று தலைப்பிடுங்கள். டி2 செல்லில் சமக் குறி இட்டு, சி2 செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, டுடே என்ற ஃபங்ஷனை ஆங்கிலத்தில் டைப் செய்து, அதன் பின் காலி அடைப்புக்குறியைத் திறந்து மூடி என்டர் தட்டுங்கள். ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை நாள் மீதி என்று தானாகவே மாறும். விடை எண்ணாக வராமல் ஏதோ தேதியாக வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல்லின் நம்பர் ஃபார்மட்டை ஜெனரல் என்று மாற்றினால் சரியாகி விடும். பின்னர் டி காலம் முழுவதையும் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று சென்று 15 எனக் கொடுங்கள். பதினைந்து நாட்களுக்குக் குறைவான செல்கள் சிவப்பாகும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம் என்பதால் சொல்கிறேன். எங்கள் சென்டரில் ஒரு மாணவி மார்ச் 4 என்பதற்கு 4/3 என்று டைப் செய்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்ததால் அது ஏப்ரல் 3 ஆகி விட்டது. முப்பது நாள் கூடுதலாகக் காட்டிய ஷீட்டை நம்பி அவள் நிதானமாக இருந்தாள். விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது தளம் மூடியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை இன்ஸ்டால் செய்தது நான்தான். "பரவாயில்லை சார்" என்று சொல்லி விட்டுப் போனாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே முதல் வேலையாக கன்ட்ரோல் பேனலில் ரீஜன் சென்று இங்கிலீஷ் (இந்தியா) எனத் தேர்வு செய்யுங்கள். டைப் செய்யும்போது மாதத்தை எழுத்தால் குறிப்பிடுவது இன்னும் பத்திரம். 31/10 போன்ற தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்கவில்லை, வெறும் டெக்ஸ்ட்டாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

நேரத்தையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் திட்டங்கள் யுடிசி நேரத்தில் அறிவிக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 18:00 யுடிசி என்றால் நமக்கு இரவு 11.30. ஆனால் கடைசி இரவு வரை போகவே போகாதீர்கள். ஷீட்டில் கடைசித் தேதியை ஐந்து நாள் முன்னதாகவே போட்டு வையுங்கள்.

அறிவிப்பே இல்லாத இடங்கள்

என் அக்கா மகனுக்குக் கடைசியில் கிடைத்தது மேற்சொன்ன எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டில், 2024 டிசம்பரில், கோவையில் பம்ப் மோட்டாருக்குக் கன்ட்ரோலர் தயாரிக்கும் சிறு நிறுவனங்களைத் தேடி 23 மெயில் அனுப்பினான். மூன்று பதில்கள் வந்தன. ஒன்றில் 2025 கோடையில் ஆறு வாரம். பெரிய தொகை இல்லை. மதியச் சாப்பாடும் பஸ் செலவும் கொடுத்தார்கள். போர்டில் சால்டர் செய்து, புகைய விட்டு, திட்டு வாங்கிக் கற்றுக் கொண்டு வந்தான்.

அந்த மெயிலை எப்படி எழுதினோம் என்றால், முதல் வரியில் யார், எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்பது. அடுத்த வரியில் அவர்கள் தயாரிக்கும் பொருள் ஒன்றின் பெயர். மூன்றாவதாக அவன் செய்த ஒரு ப்ராஜெக்ட். மொத்தம் எட்டு வரி. ரெஸ்யூம் ஒரே பக்கம், பிடிஎஃப் வடிவில், ஃபைலின் பெயராக அவன் பெயர். 'நியூ டாகுமென்ட் 3' என்று அனுப்பாதீர்கள். ஒரே மெயிலில் 23 பேரையும் சிசியில் போடுவது கூடவே கூடாது. பத்து நாள் கழித்துப் பதில் இல்லாதவர்களுக்கு ஒரு முறை நினைவூட்டல். கிடைத்த அந்த இடமே நினைவூட்டலுக்கு வந்த பதில்தான்.

இடம் உறுதியானதும் கல்லூரியில் போனஃபைடு சர்டிபிகேட் கேட்பார்கள். எச்.ஓ.டி. கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று ஒரு வாரம் ஓடும். பொதுத்துறை ஆலைகளில் இன்பிளான்ட் டிரெயினிங் கேட்பவர்கள் இதை முதலிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும்.

பணம் கேட்டால்

சில பொதுத்துறை ஆலைகள் இன்பிளான்ட் டிரெயினிங்குக்குக் கட்டணம் வாங்குவது உண்டு. அது அவர்களின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே இருக்கும், ரசீதும் தருவார்கள். வேலை தருகிறேன் என்று சொல்லும் தனியார் நிறுவனம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிறுவனம் பதிவானதா என்று பார்க்க மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம் இருக்கிறது. பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் சிஐஎன் என்ற 21 இலக்க அடையாளம் உண்டு; அதில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். ஆஃபர் லெட்டரில் அது இல்லாவிட்டால் கேளுங்கள். ஹூ ஈஸ் தேடலில் அவர்களின் இணைய முகவரியைக் கொடுத்தால் எப்போது பதிவு செய்யப்பட்டது என்று தெரியும். பத்து ஆண்டு அனுபவம் என்று சொல்லும் நிறுவனத்தின் முகவரி இரண்டு மாதத்திற்கு முன் பிறந்திருந்தால், நீங்களே முடிவு செய்யலாம்.

பணம் போய் விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் ஐந்து வாரம் கழித்துத்தான் அழைத்தோம். அக்காவின் 6,500 ரூபாய் திரும்பவில்லை.