காய்ச்சலும் பாய்ச்சலும்

காவிரிக் கடைமடையில் நெல்லைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு உடனே தண்ணீருக்கு வந்துவிடும். மேட்டூர் எப்போது திறப்பார்கள்? வழக்கப்படி ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கடைசி வாய்க்கால்வரை எப்போது வரும் என்பது அதற்கு மேல் ஒரு கேள்வி. இப்படிப்பட்ட ஊர்களில் மண்ணையும் நீரையும் பற்றிச் சில நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. அவற்றை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் பிறந்தவை அவற்றில் பல. ஆனாலும் அவை பயிரையும் நிலத்தையும் கெடுக்கின்றன என்பதால் பேசித்தான் ஆகவேண்டும்.

நம்பிக்கை: நெல் நீர்ப்பயிர், வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும்

நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர். அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. இலை வழியே நுழையும் காற்று அவற்றின் வழியாக வேருக்கு இறங்கும். உளுந்து மூச்சுமுட்டிச் சாகும் சேற்றில் நெல் பிழைத்துக்கொள்வது இதனால்தான். பிழைத்துக்கொள்கிறது என்பதற்காக அதற்கு அதுதான் வேண்டும் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம்.

பிறகு ஏன் தண்ணீர் கட்டுகிறார்கள்? முதல் காரணம் களை. நட்ட முதல் இரண்டு வாரங்களில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் பல களைகள் தலைதூக்காது. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி. இரண்டாவது காரணம், அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாதது. வாய்க்காலில் ஓடும்போதே வரப்பு முட்டத் தேக்கிக்கொள்கிறவரைக் குறை சொல்ல முடியுமா? நாளும் அளவும் சொல்லித் தண்ணீர் விட்டால் அவரும் தேக்கமாட்டார். சிக்கனத்தைப் பற்றி விவசாயிக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதை முதலில் பேச வேண்டும்.

தேங்கும் தண்ணீரில் ஒரு பெரும்பங்கு பயிருக்குப் போவதில்லை. கீழே கசிகிறது, நண்டு வளையில் ஒழுகுகிறது, வெயிலில் ஆவியாகிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு மிக எளிய ஒரு கருவியைப் பரப்பியது. முழ நீளத்துக்குச் சற்றுக் குறைந்த பிளாஸ்டிக் குழாய். அதன் கீழ்ப்பாதியில் துளைகள். துளையுள்ள பகுதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். மண்ணுக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். அது மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். மேலே காய்ந்த மாதிரி தெரியும்; வேருக்குக் கீழே ஈரம் இருக்கும். பூக்கும் சமயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. அப்போது இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம்வரை பாசன நீர் மிச்சமாகும். சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் வெகுவாகக் குறையும்.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் ஊர்களில் சொல்வது இதைத்தான். குழாய், கண்ணுக்குத் தெரியாத அளவைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் ஓர் எச்சரிக்கை. கரிசல் போன்ற கனத்த களிமண்ணில் 15 சென்டிமீட்டருக்குக் காத்திருந்தால் வயல் பாளம் பாளமாக வெடித்துவிடும். அடுத்து விடும் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடி மறையும். மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. அங்கே மயிரிழை வெடிப்பு தெரியும்போதே பாய்ச்சிவிட வேண்டும்.

நம்பிக்கை: பயிர் வெளுத்தால் யூரியா

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. போட்ட சில நாளில் பயிர் கருகருவென்று எழும்பும். பார்க்க மனம் நிறையும். அந்தக் கரும்பச்சை இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் குலைநோய்க்கும் விருந்து. கதிர் வந்தபின் காற்றடித்தால் சாய்வதும் அந்தப் பயிர்தான். எப்போது போடுவது என்பதைச் சொல்ல இலை வண்ண அட்டை இருக்கிறது: வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறம், மற்ற பெரும்பாலான இரகங்களுக்கு நான்காம் நிறம், இலை அதைவிட வெளுத்தால் மட்டும் மேலுரம்.

வெளுப்புக்கு வேறு காரணமும் உண்டு. நட்ட மூன்றாம் நான்காம் வாரத்தில் பயிர் குட்டையாக நின்று, இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் வந்தால் அது துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம். விடாமல் தண்ணீர் தேங்கும் நிலத்தில்தான் இது அதிகம். வயலை வடியவிட்டுக் காயப்போட்டாலே பயிர் கொஞ்சம் தேறும். அங்கே யூரியா மூட்டையைப் பிரிப்பது காசுக்கும் கேடு, பயிருக்கும் கேடு.

நம்பிக்கை: உப்புப் பூத்த நிலமென்றால் ஜிப்சம் போட வேண்டும்

இங்கே ஒரு சொற்குழப்பம் பெரிய சேதம் செய்கிறது. களர், உவர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

உவர் நிலத்தில் கரையும் உப்பு கூடியிருக்கும். கோடையில் வெள்ளையாகப் பூக்கும். மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் இறங்கும். அதற்கு ஜிப்சம் வேண்டியதில்லை. நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடியவிட வேண்டும். வடிகால்தான் உயிர். வடிகால் இல்லாமல் தண்ணீரை மட்டும் கொட்டினால் நிலத்தடி நீர்மட்டம் உயரும். கோடையில் அதே உப்பு மண்துளைகள் வழியே ஏறி மறுபடி மேலே வரும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் ஏறியபோது, வடிகால் வசதியுள்ள நிலங்கள் மழைக்காலத்தில் கழுவப்பட்டுத் தேறின. பள்ளத்தில் கிடந்தவை நாட்பட்டன.

களர் நிலத்தில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார அமிலநிலை 8.5க்கு மேல் இருக்கும். துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் இறங்காது, கலங்கியே நிற்கும். காய்ந்தால் பாறைபோல் இறுகும். இங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சோடியத்தை விலக்கி அந்த இடத்தில் உட்காரும். விலகிய சோடியத்தை நீரோடு வடித்துவிட வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கு மூச்சு வரும். எத்தனை மூட்டை ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும், பக்கத்து வயல்காரர் சொல்ல வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுத்து ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி வையுங்கள். சீக்கிரம் தெளிந்தால் உவராக இருக்கலாம். மணிக்கணக்கில் கலங்கியே கிடந்தால் களராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வகத்துக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி கையில் இருக்கும்.

நம்பிக்கை: கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்

வெள்ளக்காலத்தில் கொள்ளிடம் இரு கரை தொட்டுக் கடலுக்கு ஓடுவதையும், அடுத்த மாதமே வாய்க்கால் வறண்டு கிடப்பதையும் பார்த்தவருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் நியாயமானது. தேக்க முடிந்ததைத் தேக்கத்தான் வேண்டும். ஆதனூர்–குமாரமங்கலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை எழுப்பியது அதற்காகத்தான்.

ஆனால் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது என்பது கடைமடைக்காரர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. ஆற்றுநீர் முகத்துவாரத்தில் கடல்நீரை எதிர்த்துத் தள்ளுகிறது. ஓட்டம் நின்றால் உப்பு ஆற்று வழியே உள்ளே ஏறும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடு நிற்பது நன்னீரும் உவர்நீரும் கலப்பதால். மீனும் இறாலும் குஞ்சாக வளர்வது அங்கே. வண்டல் வராத கரையைக் கடல் அரிக்கும்.

நிலத்துக்கு அடியிலும் இதே கதைதான். கரையோர மணலில் நன்னீர், கனத்த உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேற இடமாகிறது. அங்கே ஆழமாகத் துளைப்பவர் உப்பைத் தேடிப் போகிறார். ஆழம் குறைந்த கேணியும் குட்டையும் வெட்டி, மேலாக நிற்கும் நன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே அந்த மண்ணுக்கு ஏற்றது. மோட்டார் தண்ணீர் நாக்கில் கரிக்கத் தொடங்கினால் அன்றைக்கே இறைப்பை நிறுத்திவிட வேண்டும்.