கரிநாராற் கூடு சமைத்தல்

ஓட்டமாவடிப் பாலத்தின்மேல் நின்று வாவியை நோக்குவார்க்கு மரத்தோணிகளோடு கண்ணாடிநார்த் தோணிகளும் காட்சிதரும். 'பைபர்த் தோணி' என நம்மவர் வழங்குவன இவையே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாக வந்த தோணிகளுட் பல இவ்வகையின. ஆதலின் நாரும் பசையும் சேர்த்து ஓடு வார்க்குந் தொழில் இவ்வூர் இளைஞர்க்குப் புதிதன்று. அத்தொழிலைத் தந்தையிடம் பயின்ற எம் மாணவன் ஒருவன், வானலையால் இயங்கும் தன் சிறு லொறிக்குக் கரிநாரால் மேற்கூடு அமைக்க விரும்பினான். பசைத் தகரத்தில் ஆங்கிலத்தில் இருந்த குறிப்பைத் தமிழில் எழுதித் தருமாறு எம்மை வேண்டினான். தமிழாசிரியராகிய யாம் இப்பொருளில் தலையிட்ட வரலாறு இதுவே.

கரி என்னுஞ் சொல் அடுப்புக்கரியையும் யானையையும் சான்றையும் உணர்த்தும். ஈண்டு முதலாவதனையே கொள்க. 1879இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்கினுள் இழையாக இட்டார். அது ஒளிர்ந்ததேயன்றி வலியுடையதன்று. 1961இல் யப்பானிய அறிஞர் அக்கியோ சின்டோ, அக்கிரிலிக் வகைச் செயற்கை நூலிலிருந்து வலிய கரிநார் பெறும் வழியை வெளியிட்டார். அந்நூலை முதலிற் காற்றில் வாட்டிப் பதப்படுத்தி, பின்னர்க் காற்றுப் புகாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேற் சுடுவர். ஓரிழையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 5 முதல் 7 பங்கே. உருக்கு நீரைப்போல் 7.8 மடங்கு அடர்த்தியுடையது, கண்ணாடிநார் 2.5 மடங்கு, கரிநாரோ 1.8 மடங்கே. 1981இல் மக்லாரன் பந்தயக் கார் கரிநார் உடலோடு ஓடிற்று. இன்று அது சிறுவர் லொறிவரை வந்துவிட்டது.

இனிச் செய்முறை. மரத்தாலோ களிமண்ணாலோ கூட்டின் வடிவத்தைச் செய்து, அரத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குதல் வேண்டும். அதன்மேற் பலமுறை மெழுகு பூசித் துடைக்க வேண்டும். மெழுகு தவறின் பிள்ளை தாயை விட்டுப் பிரியாது. பின்னர்க் கண்ணாடிநார்ப் பாயும் பசையும் இட்டு அச்செடுக்கலாம். இதுவரை தோணித்தொழில் அறிந்தார்க்கு யாம் கற்பிக்க வேண்டுவது யாதுமில்லை. அச்சின் உட்புறத்துக்கும் மெழுகிட்டு, எப்பொக்சிப் பசையில் தோய்த்த கரிநார்த் துணியை இரண்டு மூன்று படையாக விரித்தல் வேண்டும். நார் தன் நீளத்தின் வழியே இழுவையைத் தாங்கும், குறுக்கே தாங்காது. ஆகவே ஒரு படை நேராகவும் அடுத்தது 45 பாகை சாய்வாகவும் அமைதல் நன்று. பசை மிகுந்தால் வலி மிகாது, நிறையே மிகும். மிகுபசையை ஒற்றி எடுத்து, இயலுமாயின் பொலித்தீன் உறையுள் இட்டுக் காற்றை உறிஞ்சி அமுக்குவர்.

தகரத்தின் குறிப்பு, நிறையால் 100 பங்கு பசைக்கு 30 பங்கு இறுக்கி சேர்க்குமாறு கூறிற்று. யாம் 'நிறையால்' என்னும் ஒரு சொல்லை விட்டெழுதினோம். வெண்பாவில் ஒரு சீர் பிழைத்தால் மாணவரைக் கடியும் யாமே இதனைச் செய்தோம்! அவன் தராசை நாடாது கிண்ணத்தால் அளந்தான். இறுக்கி பசையினும் இலேசானது. ஆதலின் நிறையால் 30 என்பது கிண்ண அளவில் ஏறக்குறைய 36 ஆகும். இறுக்கி போதாமையால் ஒரு வாரஞ் சென்றும் கூடு கையில் ஒட்டிற்று.

தோணிக்குரிய பொலியெஸ்ரர்ப் பசைக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இறுக்கி இடுவர். வெயிலுக்கேற்பச் சிறிது கூட்டிக் குறைப்பதும் உண்டு. அப்பழக்கத்தால் அவன் கூட்டின்மேல் இன்னும் இறுக்கி பூசினான். எப்பொக்சியில் இறுக்கி வெறுந் தூண்டுகோலன்று; பசையோடு பிணைந்து தானும் உடலாவது. கூடினும் கேடு, குறையினும் கேடு. சேமித்த காசாற் கொழும்பிலிருந்து தருவித்த துணி முழுதும் பாழாயிற்று. தான் அளந்ததே பிழையென்று அவன் தலைகுனிந்து நின்றான். யாம் தாளை வாங்கித் தகரத்தோடு ஒப்பிட்டபோது பிழை எவருடையதென்பது வெளியாயிற்று. துணியின் விலையை யாமே கொடுத்தோம்.

இரண்டாவது கூடு செவ்வையாக வந்தது. எனினும் லொறி சிறிது தூரம் ஓடியதும் ஏவல் கேளாது வேலியில் மோதிற்று. கரிநார் மின்னைக் கடத்துவது, வானலையை மறைப்பது. வாங்கியின் அலைக்கம்பியைச் சிறு பிளாஸ்டிக் குழாய்வழியே கூரைக்கு வெளியே விட்டபின் குறை நீங்கிற்று. அன்றியும், உப்பீரத்தில் கரிநாரைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரிபடும். வாவிக்கரையில் இஃது எளிதில் நிகழுமாதலின், ஆணிக்கும் கூட்டுக்கும் இடையே பிளாஸ்டிக் வளையம் இடுதல் வேண்டும்.

குட்டிக்கரணம் போடும் லொறிக்குக் கடையில் விற்கும் பொலிகாபனேற்றுக் கூடே ஏற்றதென்பது எம் கருத்து. அது வளைந்து மீளும், கரிநாரோ வெடிக்கும். இறுகிய கூட்டை வெட்டுங்கால் எழும் தூளை மூச்சில் ஏற்றலாகாது. நீர் தெளித்து, வாய்மூக்கை மூடி அராவுக. எப்பொக்சி தோலிற் பட்டால் அரிப்பும் புண்ணும் உண்டாகலாம். கையுறையின்றி அதனைத் தொடவேண்டா. தோணித்துறையில் வெறுங்கையாற் பசை பூசுவாரைக் கண்டு பழகிய நம் பிள்ளைகளுக்கு இதனைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

திருத்தி எழுதிய தாளை அவன் தகரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறான். 'நிறையால்' என்னுஞ் சொல்லின் கீழே சிவப்பு மையால் இரு கோடுகள் உள்ளன, யாம் இட்டவையல்ல.