ஓட்டக்காரரும் பந்தாட்டக்காரரும்

நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வருகிறவன் கால்பந்து ஆட்டத்திலும் முதல்வனாக விளங்குவான் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. மாணவரிடம் மட்டுமன்று; குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள பெரியவர்களிடமும் அவ்வெண்ணம் உண்டு. தேர்வு நாளன்று வந்தவர்களை எல்லாம் கோட்டில் நிறுத்தி, நூறு மீட்டர் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, பிந்தியவர்களை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவதை இந்தப் புனே நகரில் நானே கண்டிருக்கிறேன். அன்று திரும்பி நடந்தவர்களுள் நம் விடுதித் தோழர் ஒருவரும் இருந்தார். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம், கடற்கரை மணலில் பந்தாடி வளர்ந்தவர். தேர்வு முடியும்வரை அவர் காலில் பந்து ஒரு தடவைகூடப் படவில்லை. பந்தைத் தொடாமலேயே பந்தாட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது எனக்கு இன்றளவும் விளங்காத புதிர்.

நான் உடற்கல்வி பயில்பவன் அல்லன், இயற்பியல் மாணவன். மாலை வேளைகளில் பந்தாடுபவன். ஆகவே கடிகாரம் சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன என்பதை என் பாடத்தின் துணைகொண்டு ஆராய முற்பட்டேன். அதனையே ஈண்டு எழுதுகிறேன்.

இந்த ஆராய்ச்சிக்குப் புனேயை விடப் பொருத்தமான ஊர் வேறில்லை. நம் பல்கலைக் கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பாலேவாடியில் சிவ சத்ரபதி விளையாட்டரங்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்டது. சுற்றிலும் ஓட்டப் பாதை. நடுவில் பந்தாட்டத் தரை. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் ஆசியத் தடகளப் போட்டிகள் இங்கேதான் நடைபெற்றன. (அவை முதலில் சென்னையில் நடைபெற இருந்தவை. இலங்கை வீரர்கள் வருவதைத் தமிழக அரசு ஏற்க மறுத்தமையால் புனேக்கு மாற்றப்பட்டன.) அப்போட்டிகளில் சீனத்தைச் சேர்ந்த சூ பிங்டியான் நூறு மீட்டரை 10.17 விநாடியில் ஓடி வென்றார். அடுத்த ஆண்டே, அதே பாதையால் சூழப்பட்ட புல்தரையில், இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் புனே சிட்டி குழுவுக்காக டேவிட் ட்ரெசெகே இறங்கி ஆடினார். பிரான்சு நாடு 1998-இல் உலகக் கோப்பையை வென்றபோது அக்குழுவில் இருந்தவர் அவர். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. புனேக்கு வந்த பருவத்தில் அவருக்கு வயது முப்பத்தேழு ஆயிற்று. தம் இளமையிலும் அவர் கால்வேகத்துக்காகப் புகழ் பெற்றவர் அல்லர். பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டி அறிந்து அங்கே நிற்பதற்காகப் புகழ் பெற்றவர். ஒரே அரங்கின் இரு பகுதிகள். அவற்றில் கால் பதித்த இவ்விருவரும் எவ்வளவு வேறானவர்கள்!

இனி நூறு மீட்டரைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்போம். உசைன் போல்ட் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் பெர்லின் நகரில் 9.58 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவ்வோட்டத்தை இருபது இருபது மீட்டராக அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் இருபது மீட்டருக்கு 2.89 விநாடி, அடுத்ததற்கு 1.75, மூன்றாவதற்கு 1.67, நான்காவதற்கு 1.61, கடைசி இருபதுக்கு 1.66. இந்த எண்களை நண்பர்கள் ஒருமுறை உற்று நோக்க வேண்டுகிறேன். உலகம் வியந்த வேகம், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம், அறுபதாவது மீட்டருக்கும் எண்பதாவது மீட்டருக்கும் இடையில்தான் வருகிறது. முதல் இருபது மீட்டரில் அதே மனிதரின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் மட்டுமே. நின்ற நிலையிலிருந்து புறப்படுகிற உடம்பை உந்தித் தள்ளுவதற்கே அந்த நேரம் செலவாகிறது.

பந்தாட்டத் தரையின் நீளம் சுமார் 105 மீட்டர். ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் கடக்கிறார். ஆனால் அவர் முழுமூச்சாகப் பாயும் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை இருபது மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. அறுபதாவது மீட்டரில் மலர்கிற வேகம் அவருக்கு எப்போதோ ஒரு முறைதான் பயன்படும். பந்தோடு எதிரியின் கோலை நோக்கித் தனியாக ஓடும் வாய்ப்பு ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை வாய்க்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நூறு மீட்டரை 11.5 விநாடியில் ஓடும் மாணவன் ஒருவன், 12.5 விநாடியில் ஓடும் மாணவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையில் உள்ள ஒரு விநாடியில் பெரும்பகுதி பின்னைய எண்பது மீட்டரில்தான் சேர்கிறது. பந்தாட்டத்துக்கு வேண்டிய முதல் இருபது மீட்டரில் அவர்களிடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. சில வேளைகளில் பிந்தியவனே முந்திவிடுவதும் உண்டு. கடிகாரத்தை நூறாவது மீட்டரில் நிறுத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பாலேவாடியில் வென்றதாகச் சொன்னேனே, அந்தச் சூ பிங்டியான் இதற்கு நல்ல சான்று. 1.72 மீட்டர் உயரம்தான். ஆனால் தொடக்கப் பாய்ச்சலில் அவருக்கு நிகரானோர் உலகில் மிகச் சிலரே. பின்னாளில், 2021-இல் டோக்கியோவில், 9.83 விநாடியில் ஓடினார். நெட்டையான போல்ட்டின் வலிமை வேறு, குட்டையான சூவின் வலிமை வேறு. இறுதிக் கோட்டில் நிற்கும் கடிகாரமோ இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது.

இன்னொரு வேற்றுமை இதனினும் பெரிது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலிக்கிறது. எல்லோரும் ஒரே கணத்தில் புறப்படுகிறார்கள். ஒலிக்குப் பின் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் காலை எடுத்தாலே அது குற்றம். 2011-இல் தேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் நூறு மீட்டர் இறுதியோட்டத்தில் போல்ட்டே இவ்வாறு முந்திப் புறப்பட்டு வெளியேற்றப்பட்டார். பந்தாட்டத்திலோ துப்பாக்கி இல்லை. எப்போது புறப்படுவது என்பதை ஆட்டக்காரர் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். பந்தைத் தரப்போகும் தோழனின் தோள் எப்பக்கம் திரும்புகிறது, பின்காவலரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, மற்றவர்க்கு முன்னே காலை எடுப்பவரே வல்லவர். ஓட்டத்தில் குற்றமானது ஆட்டத்தில் திறமையாகிறது. (ஆஃப்சைடு விதி மட்டும் குறுக்கே நிற்கும், அதனையும் கணக்கிட்டே புறப்பட வேண்டும்.)

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். முருகன் இருபது மீட்டரை 3.0 விநாடியில் கடக்கிறான், கோபால் 3.2 விநாடியில் கடக்கிறான். ஓட்டப் பாதையில் முருகன் எளிதாக வெல்வான். ஆனால் பந்து எங்கே போகும் என்பதைக் கோபால் மூன்றில் ஒரு பங்கு விநாடி முன்னதாக உணர்ந்து புறப்பட்டுவிட்டால், முருகன் வந்து சேருமுன் பந்து கோபாலின் காலடியில் இருக்கும். சடுகுடு ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடி வருகிறவனைப் பிடிப்பவன் ஊரிலேயே வேகமானவனா? அவன் எப்போது திரும்புவான் என்று அறிந்தவன்தான் பிடிக்கிறான்.

திரும்புதல் என்றவுடன் இயற்பியல் நினைவுக்கு வருகிறது. வளைந்து ஓடுகிறவனைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை, வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு வேண்டும். விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் 9 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப வேண்டுமானால், ஏறத்தாழ அவன் உடல் எடைக்குச் சமமான விசையைப் புல்தரை அவன் காலணிக்குத் தர வேண்டும். நம் மழைக்காலப் புனேயில், ஜூலை மாதத்துச் சேற்றில், அது நடவாத காரியம். வழுக்கி விழுவான்; அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அதே வளைவை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் திரும்புகிறவனுக்கு அதில் பாதிக்கும் குறைவான விசையே போதும். நேர்கோட்டில் நிற்பதற்கும் இப்படியே இடம் வேண்டும். விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருகிறவன், தன் வேகத்தை விநாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைத்தாலும், நிற்பதற்குள் எட்டு மீட்டர் போய்விடுவான். அதற்குள் எதிரி பந்தை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போயிருப்பான்.

அடி வைக்கும் முறையும் வேறு. போல்ட் நூறு மீட்டரை ஏறத்தாழ 41 அடிகளில் கடந்தார். ஓர் அடி சராசரி 2.4 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீண்ட அடியில் கால் தரையைவிட்டு நெடுநேரம் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் மனிதனால் திசை மாற்ற இயலாது. தரையில் கால் பட்டால்தான் மாற்ற முடியும். ஆகவேதான் நல்ல பந்தாட்டக்காரர் உடலைத் தாழ்த்தி, அடியைக் குறுக்கி, அடிக்கடி தரையைத் தொட்டு ஓடுகிறார். மணலில் ஆடி வளர்ந்தவர்களிடம் இந்தக் குறுநடை இயல்பாக அமைந்துவிடுகிறது. நூறு மீட்டர் பாதையில் அவர்கள் பின்தங்குவதில் வியப்பில்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஓய்வு பெற்றபின் போல்ட் பந்தாட்டக்காரராக விரும்பி, 2018-இல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் குழுவில் பயிற்சி ஆட்டக்காரராகச் சேர்ந்தார். அக்டோபர் மாதம் ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல்களும் அடித்தார். ஆயினும் நவம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் கைகூடாமல் விலகினார். உலகின் மிக வேகமான மனிதருக்கு அந்த நாட்டுத் தொழில்முறைப் போட்டியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் டேரன் கேம்பல் 2000-இல் இருநூறு மீட்டரில் ஒலிம்பிக் வெள்ளியும், 2004-இல் தொடர் ஓட்டத்தில் தங்கமும் வென்றவர். பந்தாட்டத்திலோ அவர் சிறு குழுக்களுக்கு மேல் உயரவில்லை. ஆடம் ஜெமிலி எதிர்த்திசையில் போனார். இளமையில் செல்சியின் பயிற்சிப் பள்ளியில் பந்தாடியவர், பெரிய ஆட்டக்காரராக மலராமல் ஓட்டத்துக்கு மாறி, 2012-இல் உலக இளையோர் நூறு மீட்டர்ப் பட்டத்தை 10.05 விநாடியில் வென்றார். நம் நாட்டிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கை நினைவுகூரலாம். மில்கா சிங் நானூறு மீட்டரில் நூலிழையில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்த அதே போட்டியில், நம் பந்தாட்டக் குழு பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது, கோலடித்தவர் பி. கே. பானர்ஜி. மில்காவை வலப்புற முன்னணியில் நிறுத்தலாமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை!

இவ்வளவும் சொன்னதால் வேகம் வேண்டாம் என்று நான் வாதிடுவதாக எண்ணலாகாது. அது உண்மைக்கு மாறு. ஜெர்மானிய முதல்நிலைப் போட்டிகளில் விழுந்த 360 கோல்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, கோலுக்குச் சற்று முன்னே கோலடித்தவர் மிகுதியாகச் செய்தது நேர்கோட்டுப் பாய்ச்சலே என்று கண்டது. நூற்றுக்கு 45 கோல்களில் அப்படி. நார்வே நாட்டு ஆட்டக்காரர்களைப் பதினைந்து ஆண்டுகள் அளந்தவர்களும், மேல்நிலைக் குழுவினர் கீழ்நிலைக் குழுவினரைவிட வேகமானவர்கள் என்றும், முன்னணி ஆட்டக்காரர்களே யாவரினும் வேகமானவர்கள் என்றும் கண்டார்கள். ஆனால் அவர்கள் அளந்தது நாற்பது மீட்டரை, நூறை அன்று. மேலும் அளக்கப்பட்டவர்கள் எல்லோரும் முன்னமே பந்தாடத் தெரிந்தவர்கள். ஆடத் தெரிந்தவனுக்கு வேகம் கூடினால் அவன் சிறக்கிறான். வேகம் உள்ளவனுக்கு ஆட்டம் தானாக வந்துவிடும் என்பது அதிலிருந்து பெறப்படாது. தேர்வாளர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

லாலியன்சுவாலா சாங்டேயைப் பாருங்கள். மிசோரத்திலிருந்து புனேக்கு வந்து, இங்கு டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் குழுவின் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர். இடக்கால் ஆட்டக்காரர், வேகத்துக்குப் பேர் போனவர். 2015 டிசம்பரில், பதினெட்டு வயதில், தெற்காசியப் போட்டியில் நேபாளத்துக்கு எதிராக இந்தியாவுக்காக இரண்டு கோல்கள் அடித்தார். 2019-இல் நம் சென்னையின் எஃப்.சி. குழுவுக்கு வந்தார், 2022-இல் மும்பைக்குப் போனார், 2022-23 பருவத்தின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் என்னும் விருதும் பெற்றார். பதினெட்டு வயதிலேயே அவரிடம் வேகம் இருந்தது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரராவதற்கு இடையில் ஏழு ஆண்டுகள் பிடித்தன. எப்போது பாய்வது, எப்போது நிற்பது, பந்தைக் கொடுப்பதா உதைப்பதா என்று கற்க எடுத்த காலம் அது என்பது என் கருத்து.

ஆகவே கடிகாரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். நிறுத்தும் இடத்தை மாற்றினால் போதும். தேர்வு நடத்தும் நண்பர்களுக்கு என் யோசனை இது. நின்ற நிலையிலிருந்து பத்து மீட்டரும் இருபது மீட்டரும் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பின்னர் அதே இருபது மீட்டரை, நடுவில் இருமுறை திரும்பி வருமாறு ஓடவிடுங்கள். மூன்றாவதாக, அதே திருப்பங்களைப் பந்தோடு ஓடச் செய்யுங்கள். பந்தில்லாமல் எடுத்த நேரத்துக்கும் பந்தோடு எடுத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். யாருக்கு அது குறைவோ அவருக்குப் பந்து ஒரு சுமையன்று. அதன்பின் சிறு தரையில், பக்கத்துக்கு ஐந்து பேராக, இருபது நிமிடம் ஆடவிட்டு, பந்து தம்மிடம் இல்லாதபோது யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இதற்குப் பாலேவாடி அரங்கம் வேண்டியதில்லை. எட்டுக் கற்களும், ஒரு பந்தும், கையில் உள்ள கைபேசியின் கடிகாரமும் போதும். நம் விடுதிக்குப் பின்னுள்ள திடலில் சனிக்கிழமை மாலைகளில் இதைச் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். தூத்தூர்த் தோழர் பந்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.