கழுவுந்தோறும் வளரும் ஐயம்

செம்பூர்ச் சால்களில் குழாய்நீர் வரும் நேரம் சிறிது. அதிற் பாதியை, கை இன்னும் அழுக்கென ஐயுற்றுக் கழுவுவதிலேயே ஒருவர் கழிப்பாராயின், அதனைப் பழவினைப் பயனென்று இகழற்க. அஃது எண்ணச் சுழற்சி என்னும் நோய். மருந்துமுண்டு, பயிற்சியுமுண்டு.

ஆங்கிலம் அறிந்தோர், இலங்கை உளவியலறிஞர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ராக்மனுடன் இணைந்து 1992-இல் வெளியிட்ட 'அப்செசிவ் கம்பல்சிவ் டிசார்டர்: தி ஃபாக்ட்ஸ்' என்ற சிறுநூலைப் பயில்க. நடத்தைச் சிகிச்சைக்கு ஒப்பான முறைகள் ஆதி பௌத்த நூல்களில் உள்ளமையை 1984-இல் ஆராய்ந்தெழுதியவரும் அவரே.

மஜ்ஜிம நிகாயத்தின் 20-ஆம் சூத்திரம் தீய எண்ணங்களை நீக்க ஐந்து வழிகள் கூறும். பல்லைக் கடித்து எண்ணத்தை நசுக்குதல் அவற்றுள் இறுதியானது. இந்நோயுற்றோரோ அதனையே முதலிற் பற்றுவர். நசுக்குந்தோறும் எண்ணம் மேலெழும். அதற்குச் செவிகொடாது விடும் மூன்றாம் வழியே இவர்க்குப் பொருந்துமென்பது என் கருத்து.

கதவைத் தொட்டபின் கழுவுதலைப் பத்து நிமிடம் தள்ளிவைக்க. அச்சம் ஏறித் தணிவதைக் குறிப்பேட்டில் எழுதுக. பழகியபின் இருபது நிமிடமாக்குக. அச்சந்தீரத் திரிசரணத்தை நூறுமுறை எண்ணிச் சொல்வதும் இன்னொரு கழுவுதலே. "தூய்மைதானா?" என மீண்டும் மீண்டும் வினவுவார்க்கு வீட்டார் ஒருமுறைக்குமேல் விடை கூறற்க.

தனித்து இயலாதார், 2022-இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.