எக்ஸெல் ஓட்டப் போகும் தம்பிக்கு

தம்பி, "பெரிய பைக் வாங்க வசதியில்லை, அதனால டிவிஎஸ் எக்ஸெல் எடுத்திருக்கேன்" என்று நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. 35 வருஷம் இந்தச் சென்னையில் மருந்துக் கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்ப் போட்டவன் நான். பெரும்பாலும் மொபெட்டில்தான். ஊருக்குள் ஓட்ட இதைவிடத் தோதான வண்டியை நான் பார்த்ததில்லை. சாவியைப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்.

1. அந்தக் கூச்சத்தை விடு. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் என்பதே நம் நாட்டுக்குப் புதுசு. பால்காரர், பூக்காரர், கொத்தனார், வாத்தியார் என்று சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் பலர் ஏறியது அதில்தான். உன் எக்ஸெல் 100, 90 கிலோகூட இருக்காது. புல்லட் 350 என்றால் 195 கிலோ. இந்த வித்தியாசம் மின்ட் தெருவில் தெரியும். எதிரே மீன்பாடி வண்டி வந்து அடைத்துக்கொண்டால், நீ இறங்கி, கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு, வந்த வழியே போய்விடலாம். புல்லட்காரர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

2. கிளட்சைப் புரிந்துகொள். கைக்குக் கிளட்ச் இல்லை, காலுக்கு கியர் இல்லை. உள்ளே கிளட்ச் ஷூ இருக்கிறது. இன்ஜின் வேகமெடுத்தால் அது தானாக விரிந்து டிரம்மைக் கவ்வும். வேகம் குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று கிளம்புகிற ஊரில் இது எவ்வளவு பெரிய சுகம் என்று சாயங்காலம் உன் இடது கை சொல்லும். ஆனால் மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கியே வண்டியைப் பிடித்து நிறுத்தாதே. ஷூ முழுதாகக் கவ்வாமல் உரசி உரசிக் கருகும், தீய்ந்த வாடை வரும். பிரேக்கைப் பிடித்து நில். பச்சை விழுந்ததும் நிதானமாக முறுக்கு.

3. பழைய ஆட்கள் பெட்ரோலோடு ஆயில் கலக்கச் சொல்வார்கள். அது டூ ஸ்ட்ரோக் காலத்துப் பழக்கம். 2015-ல் வந்த எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி.

4. பாரம் ஏற்றுவதில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். 1994 மழைக்காலத்தில் ஒருநாள், இரண்டு நடை போக வேண்டிய பெட்டிகளை ஒரே நடையில் முடிக்கலாம் என்று பின்னால் என் தலைக்கு மேல் வரை அடுக்கிக் கட்டினேன். சிக்னலில் கிளம்பும்போது முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் என் சொல் கேட்கவில்லை. சாய்ந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால் இன்று உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கனமானதைக் காலுக்கு நடுவே, தரைத்தட்டில் வை. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அடுக்கினால் பாரம் தாழ உட்காரும். கயிற்றைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை இழுத்துக் கட்டி, கையால் ஆட்டிப் பார். பெட்டி தனியாக ஆடக் கூடாது. வண்டியும் பெட்டியும் சேர்ந்து ஆட வேண்டும்.

5. இந்த வண்டிக்கான வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அதற்கு மேலும் போகும்தான், ஆனால் அது இதற்கு வைத்த வேலை இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகிறது. உன்னிடம் இருப்பதோ சின்ன டிரம் பிரேக். கத்திப்பாராவில் பஸ் பக்கத்தில் கடந்தால் காற்று உன்னைத் தள்ளும். அந்த நேரத்தில் ஹேண்டில்பாரோடு மல்லுக்கு நிற்காமல் தோளைத் தளர்த்திக்கொள்.

6. மழை. டயர் ஒல்லி, 2.50 அங்குலம்தான். மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். அதன் விளிம்போடு ஒட்டிப் போகாதே, குறுக்கே நேராகக் கட. தகட்டின் மேல் பிரேக்கைத் தொடாதே. தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காது. லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் பிரேக் ஷூ சூடாகிக் காய்ந்துவிடும். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் அவசரப்பட்டு உதைக்காதே, ஸ்டார்ட் பட்டனும் வேண்டாம். கரைக்குத் தள்ளிக்கொண்டு வா. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்துப் பார். உள்ளே போன தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதே.

7. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதே. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும்.

8. உன் தம்பி சாவி கேட்பான், கொடுக்காதே. 16 வயதில் லைசென்ஸ் என்பது 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்குத்தான். இது 99.7 சி.சி., ஆகவே 18 முடிந்திருக்க வேண்டும். சின்னப் பையன் ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு.

9. வண்டியில் ஒரு புது பிளக், ஒரு பிளக் ஸ்பானர், ஒரு பழைய வேட்டித் துணி எப்போதும் இருக்கட்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நான் சனிக்கிழமை உதிரிபாகம் வாங்கப் போகிறேன். கூட வா, நல்ல ஸ்பானராகப் பார்த்து எடுத்துத் தருகிறேன்.